தகப்பனாக வந்த மகாராஜா

ராஜா என்ற சொல்லுக்கு நம் நாட்டில் அர்த்தங்கள் பல. கதை சொல்லும் பாட்டிக்கு, ஏழு கடலுக்கு அப்பாலுள்ள கிளியின் உடலில் ஒளிந்திருக்கும் மந்திரவாதியின் உயிரைத் தேடிச் செல்பவன் ராஜா. சரித்திர பாடம் படிக்கும் மாணவனுக்கு, தாம் பட்டமேறிய வருஷத்தையும் மாண்ட வருஷத்தையும் நெட்டுருப் போடச் செய்து உபத்திரவம் கொடுப்பவர் ராஜா. தாலாட்டும் தாய்க்கோ, மடியில் கிடக்கும் மகவைத் தவிர வேறு ராஜா கிடையாது. ஆனால், கள்ளக்குறிச்சிக்கு மேற்கே எழுந்து நிற்கும் கல்வராயன் மலையிலுள்ள முதியவர்களைக் கேட்டால், அவர்கள் இவற்றில் எதையும் சொல்லமாட்டார்கள். அவர்கள் அறிந்த அதிகாரம் வேறு விதமானது.

மலையின் அதிபதிகள்

கோமுகி நதி பிறப்பது இந்த மலையிலேதான். மேகம் அருவி, பெரியார் அருவி என்று கண்ணுக்கு இனிய நீர்வீழ்ச்சிகளும் உண்டு. 2019-ஆம் ஆண்டில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான பிறகு, உல்லாசப் பிரயாணிகள் பலர் இவ்விடங்களை அறிந்துகொண்டிருக்கிறார்கள். மலையில் வாழும் மக்களுக்கு ‘மலையாளிகள்’ என்று பெயர். கேரள தேசத்தாருக்கும் இவர்களுக்கும் சம்பந்தம் ஒன்றுமில்லை. தங்கள் மூதாதையர் காஞ்சீபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பதே இவர்களுடைய பரம்பரை வரலாறு. சாமையும் தினையும் விளைத்து, வானத்தை நம்பி வாழ்ந்த எளிய ஜனங்கள்.

இவர்களுக்கு ராஜாவின் ஸ்தானத்தில் இருந்தவர்கள் ஜாகீர்தார்கள். சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்னும் பட்டப் பெயர்களோடு அவர்கள் மலையைப் பங்கிட்டு ஆண்டார்கள். 1947-இல் தேசம் விடுதலை பெற்றது. 1948-இல் சென்னை மாகாணத்தில் ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டம் பிறந்தது. 1950-இல் குடியரசு மலர்ந்தது. ஆயினும் கல்வராயன் மலையில் ஜாகீர் ஆட்சி முடிவுக்கு வந்தது 1976-ஆம் ஆண்டிலேதான்! அதுவரையில் ஏருக்கு வரி செலுத்தியும், ஜாகீர்தாருக்குக் கூலியின்றி உழைத்தும் மலைக்குடிகள் காலங்கழித்தனர்.

இத்தகைய மலையின் அடிவாரத்தில் உபாத்தியாயனாக இருக்கும் ஒருவன், ஒரு மகாராஜாவைப் புகழ்ந்து எழுத முற்படுவது விநோதமாகத் தோன்றலாம். இருப்பினும், சென்ற நூற்றாண்டின் மகாயுத்த காலத்தில் நம் பாரத பூமியில் ஒரு மகாராஜாவைச் சில நூறு குழந்தைகள் எதிர்பாராத விதமாகச் சந்தித்தார்கள். அச்சந்திப்பை அவர்கள் கிழப்பருவம் அடைந்த பின்னும் மறக்கவில்லை. அந்தக் கதை நம் வீட்டுக் குழந்தைகள் ஒவ்வொருவரும் கேட்க வேண்டியதாகும்.

பனிப் பிரதேசத்தில் சிறை

1939-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் முதல் தேதி, ஹிட்லரின் சேனை போலந்து தேசத்தின் மேற்கு எல்லையைக் கடந்து புகுந்தது. அதே மாதம் 17-ந் தேதி, ரஷ்யாவின் செஞ்சேனை கிழக்கு எல்லையைக் கடந்தது. இரண்டு கற்களுக்கிடையே அகப்பட்ட தானியம் போல அந்தத் தேசம் அரைபட்டது.

கிழக்குப் பாகத்தில் இருந்த குடும்பங்களுக்கு 1940 பிப்ரவரியில் பெரும் ஆபத்து வந்தது. ரஷ்யப் போலீஸார் இரவோடிரவாக வீடுகளில் நுழைந்து, அகப்பட்டதை மூட்டை கட்டிக்கொண்டு புறப்படும்படி உத்தரவிட்டனர். ஸ்திரீகள், கிழவர்கள், கைக்குழந்தைகள் எல்லோரையும் ஆடு மாடுகள் ஏற்றும் ரெயில் வண்டிகளில் அடைத்து, சைபீரியாவுக்கும் கஜகஸ்தானத்துக்கும் அனுப்பினார்கள். கடுங்குளிரில் மரம் வெட்டும் வேலை, அளந்து கொடுக்கும் ரொட்டித் துண்டு, பசி, காய்ச்சல். தந்தையை ஓரிடத்திலும் தாயை மற்றோரிடத்திலும் மண்ணில் புதைத்துவிட்டுத் தனியே நின்ற சிறுவர் சிறுமியர் ஆயிரக்கணக்கில் ஆனார்கள்.

1941 ஜூன் மாதத்தில் ஜெர்மனி ரஷ்யாவின் மீதே பாய்ந்தது. நேற்றுவரை கைதிகளாயிருந்த போலந்தியர், ரஷ்யாவுக்கு இப்பொழுது தோழர்களாகிவிட்டனர்! லண்டனிலிருந்த போலந்து சர்க்காரின் பிரதம மந்திரி ஜெனரல் சிகோர்ஸ்கி ரஷ்யாவோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார். அதன்படி சிறைக் கதவுகள் திறந்தன. விடுபட்ட ஜனங்கள், குளிர் குறைந்த தென் திசையை நோக்கி நடந்தும் ரெயிலேறியும் வந்தார்கள். வழியில் மாண்டவர் பலர். எஞ்சிய அநாதைக் குழந்தைகளை அஷ்காபாத் முதலிய நகரங்களில் திரட்டினார்கள். இவர்களைக் காப்பாற்றும் பணியில், வார்ஸா நகரத்தின் புகழ் பெற்ற பாடகியும் நடிகையுமான ஹன்கா ஓர்டோனுவ்னா தம் தேக அசௌக்கியத்தையும் பொருட்படுத்தாமல் ஈடுபட்டார்.

இக்குழந்தைகளை எங்கே அனுப்புவது? உலகமெங்கும் யுத்தம். கடல் வழியெங்கும் நீர்மூழ்கிக் கப்பல்கள். ஒவ்வொரு தேசமும் தன் வாயிற் கதவைச் சாத்திக்கொண்டிருந்த காலம் அது. இந்தியாவை ஆண்ட பிரிட்டிஷாருக்கோ, செலவை யார் ஏற்பது என்ற கவலை. அப்பொழுதுதான் காத்தியவாரிலிருந்து ஒரு குரல் எழுந்தது: “குழந்தைகளை என்னிடம் அனுப்புங்கள்” என்ற கருத்தோடு.

பாலாச்சடியில் வரவேற்பு

அக்குரலுக்கு உரியவர் நவநகர் சமஸ்தானத்தின் அதிபதியாகிய ஜாம் சாகேப் திக்விஜயசிங்ஜி. கிரிக்கெட் ஆட்டத்தில் கீர்த்தி பெற்றவரும், இன்றும் தம் பெயரால் ஒரு கோப்பை வழங்கப் பெறுபவருமான ரஞ்சித்சிங்ஜியின் சகோதரர் புதல்வர் இவர். 1933-இல் சிம்மாசனம் ஏறினார். ரஞ்சித்சிங்ஜி சர்வதேச சங்கத்தில் இந்தியாவின் பிரதிநிதியாக ஜினீவாவுக்குச் சென்ற காலத்தில், போலந்தின் சங்கீத மேதையும் முன்னாள் பிரதம மந்திரியுமான பாதரெவ்ஸ்கியின் பழக்கம் இக்குடும்பத்துக்கு ஏற்பட்டிருந்தது. 1942-இல் திக்விஜயசிங்ஜி லண்டன் யுத்த மந்திரி சபைக்கு இந்தியாவின் பிரதிநிதிகளுள் ஒருவராக நியமனம் பெற்றார். உடன் நியமனம் பெற்ற மற்றவர் நம் ஆற்காடு இராமசாமி முதலியார் என்பது தமிழ் வாசகர்களுக்கு விசேஷமான செய்தி.

பம்பாயில் இருந்த போலந்து ஸ்தானிகர் பனாசின்ஸ்கியும், செஞ்சிலுவைச் சங்க வேலையில் ஈடுபட்ட அவருடைய மனைவி கீராவும் ஏற்பாடுகளைக் கவனித்தனர். நிவாரணப் பொருள்களை ஏற்றிக்கொண்டு வடக்கே சென்ற லாரிகள், திரும்பும்போது குழந்தைகளை ஏற்றிக்கொண்டு வந்தன. அஷ்காபாதிலிருந்து பாரசீகத்து மஷாத், ஸாஹிதான் நகரங்களைக் கடந்து, மலையும் பாலையுமான வழியில் பல நாள் பிரயாணம். குவெட்டாவுக்கு அப்பால் ரெயில். சில மாத காலம் பம்பாயை அடுத்த பாந்திராவில் தங்கியிருந்து உடம்பு தேறிய பிறகு, 1942 ஜூலையில் அவர்கள் ஜாம்நகருக்கு அருகே கடலோரத்தில் உள்ள பாலாச்சடி என்ற சிற்றூரை அடைந்தனர். அங்கே மகாராஜாவின் கோடை மாளிகையை ஒட்டி, குழந்தைகளுக்கென்றே புதிய விடுதிகள் தயாராக இருந்தன.

அந்தக் குழந்தைகளின் நிலையைச் சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். இரண்டு வருஷ காலமாக அதிகாரி என்றால் அவர்களுக்கு ஒரே அர்த்தம்தான்: நடு நிசியில் கதவை இடிப்பவன், துப்பாக்கியைக் காட்டி விரட்டுபவன். இப்பொழுது அவர்களுக்கு எதிரே வந்து நிற்பவர் ஓர் அரசர்! நெடிய, பருத்த சரீரம், தலைப்பாகை, சூழப் பரிவாரம். அவர் என்ன சொல்லப் போகிறார்?

“நீங்கள் இனிமேல் அநாதைகள் அல்ல. இன்று முதல் நீங்கள் நவநகரவாசிகள். நவநகரத்து ஜனங்களுக்கெல்லாம் நான் பாபு, ஆகையால் உங்களுக்கும் நானே தகப்பன்” என்ற கருத்துப்பட அவர் பேசினார். ‘பாபு’ என்றால் குஜராத்தி பாஷையில் தந்தை. அன்று முதல் குழந்தைகள் அவரை அப்பெயராலேயே அழைத்தார்கள்.

வார்த்தையோடு நின்றுவிடுவது ராஜாங்க வழக்கம். இவர் அவ்வாறு நின்றுவிடவில்லை. முகாமில் பள்ளிக்கூடம் ஏற்பட்டது, வைத்தியசாலை ஏற்பட்டது. தாய்மொழியைக் குழந்தைகள் மறந்துவிடலாகாது என்று போலிஷ் மொழிப் புத்தகங்கள் தருவித்து நூலகம் அமைத்தார்கள். சாரணர் படையும் கால்பந்து விளையாட்டும் உண்டு. கொடிக் கம்பத்தில் போலந்தின் வெள்ளை சிவப்புக் கொடி பறந்தது. தங்கள் தேசத்திலேயே பறக்க இடமில்லாத கொடி, அந்நிய ஆட்சிக்கு உட்பட்ட நம் தேசத்தின் ஒரு மூலையில் பறந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். பாதிரியார் பிரான்சிஷேக் புளூட்டா முகாமின் தலைவராக இருந்தார். குழந்தைகள் நாடகம் போட்டால் மகாராஜா முன் வரிசையில் வந்து அமர்வார்.

ஆகார விஷயத்தில் ஒரு வேடிக்கை நடந்ததாக முகாமில் வளர்ந்தவர்கள் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்கள். நம் ஊர் மிளகாய்க் காரம் அக்குழந்தைகளின் நாக்குக்கு ஒத்துவரவில்லை. எனவே சமையலுக்குக் கோவாவிலிருந்து ஆட்களை வரவழைத்தார்கள். பின்னர் அடிக்கடி பசலைக் கீரை பரிமாறப்பட்டது. கீரையை வெறுப்பதில் உலகத்துக் குழந்தைகளுக்குள் தேச பேதம் கிடையாது அல்லவா? எல்லோரும் ஒன்று சேர்ந்து சத்தியாக்கிரகம் தொடங்கிவிட்டார்கள். கீரையைத் தொடமாட்டோம் என்றார்கள். செய்தி பாபுவின் காதுக்கு எட்டியது. “இனிமேல் கீரை வேண்டாம்” என்று உத்தரவாயிற்று! சைபீரியாவில் ஒரு துண்டு ரொட்டிக்கு ஏங்கிய குழந்தைகள், ‘இது எனக்குப் பிடிக்கவில்லை’ என்று தைரியமாகச் சொல்லும் நிலைக்கு வந்துவிட்டார்கள். அவர்கள் மறுபடியும் குழந்தைகளாகிவிட்டார்கள் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா?

மலைச் சிறுவனின் கேள்வி

பத்தாம் வகுப்பில் இரண்டாம் உலக மகாயுத்தம் பாடமாக வரும்பொழுதெல்லாம் இவ்வரலாற்றை நான் மாணவர்களுக்குச் சொல்வது வழக்கம். எங்கள் பள்ளியில் படிப்பவருள் பலர் மலைக் கிராமங்களிலிருந்து இறங்கி வந்து விடுதியில் தங்குபவர்கள். பெற்றோர்களோ பிழைப்புக்காகக் காப்பித் தோட்டங்களுக்கும் மிளகுத் தோட்டங்களுக்கும் போய், மாதக் கணக்கில் வெளியூரில் இருப்பவர்கள்.

ஒரு முறை கதையை முடித்தவுடன், கடைசி வரிசையிலிருந்து ஒரு மலைச் சிறுவன் எழுந்தான்.

“சார், அந்தப் பிள்ளைங்க ராஜாவுக்கு என்ன வேலை செஞ்சு குடுத்தாங்க?”

“ஒரு வேலையும் செய்யவில்லையப்பா. படித்தார்கள், விளையாடினார்கள்.”

“வரி?”

“குழந்தைகளுக்கு ஏது வரி?”

“அப்போ சும்மாவா சோறு போட்டாரு?”

“சும்மாதான்.”

பையன் நம்பாதவனைப் போல என்னைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு உட்கார்ந்தான். வகுப்பில் சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறப்பதற்கு முன்பே முடிந்துபோன ஓர் ஆட்சி, பாட்டன் வாய்மொழி மூலம் அந்தப் பிள்ளையின் மனத்தில் ஒரு கணக்கை எழுதி வைத்திருந்தது. ராஜா என்றால் வாங்குபவர். குடி என்றால் கொடுப்பவன். கொடுக்கின்ற ராஜாவை அவனால் அந்தக் கணக்கில் சேர்க்க முடியவில்லை. வரிப் புத்தகத்திலிருந்து ஒரு வரியை அடித்துவிடலாம். ஜனங்களின் ஞாபகத்திலிருந்து அடிப்பது எளிதன்று. அதே நியாயப்படி, பாலாச்சடியின் ஞாபகத்தையும் யாராலும் அழிக்க முடியவில்லை.

அடிமைத் தேசத்தின் தர்மம்

இக்கதையின் மறுபக்கத்தையும் பார்ப்பது நியாயம். குழந்தைகள் பாலாச்சடிக்கு வந்த அதே 1942 எத்தகைய வருஷம்? ஏப்ரல் மாதத்தில் விசாகப்பட்டணத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானியர் குண்டு போட்டனர். சென்னைப் பட்டணமே காலியாகி, ஜனங்கள் மூட்டை முடிச்சுகளோடு உள்நாட்டுக்கு ஓடினர். ஆகஸ்டு மாதத்தில் ‘வெள்ளையனே வெளியேறு’ முழக்கம் எழுந்தது. காந்தி மகானும் தலைவர்களும் சிறை புகுந்தனர். அடுத்த வருஷம் வங்காளத்துப் பஞ்சத்தில் ஏறக்குறைய முப்பது லட்சம் பேர் மாண்டனர். இத்தனை துயரத்திற்கிடையே அயல் தேசத்துக் குழந்தைகளுக்கு விருந்தா என்று கேட்கத் தோன்றும்.

மேலும், சுதேச மன்னர்கள் யாவரும் உத்தமர்கள் என்று சொல்வதற்கில்லை. அதே காத்தியவாரில், பக்கத்து ராஜ்கோட்டு மன்னர் குடிகளுக்குக் கொடுத்த வாக்கை மீறியதற்காக, 1939 மார்ச்சு மாதத்தில் காந்தியடிகள் உண்ணாவிரதமிருந்தார். ஜாம் சாகேபும் பிரிட்டிஷ் சக்கரவர்த்தியின் யுத்தத்திற்குத் துணை நின்றவரே. இவற்றை மறைத்துப் புகழ்வது சரித்திரமாகாது.

ஆயினும் ஒன்று சொல்ல வேண்டும். பஞ்சத்தில் மாண்டவர்களின் சோற்றை இந்தக் குழந்தைகள் பறித்துத் தின்னவில்லை. செலவுக்குச் சமஸ்தானாதிபதிகள் பலரும், டாட்டா முதலிய தொழிலதிபர்களும் பொருளுதவி செய்தனர். 1943-இல் கோலாப்பூர் சமஸ்தானத்து வளிவடே என்ற ஊரில் மற்றொரு பெரிய முகாம் ஏற்பட்டது. அதில் ஏறக்குறைய ஐயாயிரம் போலந்தியர் 1948 வரையில் வாழ்ந்தனர். சுதந்திரம் உள்ள தேசங்கள் தயங்கிய வேளையில், சுதந்திரம் இல்லாத தேசம் இடங்கொடுத்தது. வீட்டுக்கு வந்த அதிதியைப் பட்டினி போடுவதில்லை என்ற நம் குடியானவன் வீட்டுத் தர்மந்தான் அங்கே அரண்மனை வரை சென்று பேசிற்று.

யுத்தம் முடிந்த பிறகுதான் உண்மையான சோதனை வந்தது. போலந்தில் புதிதாக ஏற்பட்ட, ரஷ்யாவுக்கு அடங்கிய சர்க்கார் குழந்தைகளைத் திருப்பி அனுப்பும்படி கேட்டது. எந்த ஆட்சி தங்கள் பெற்றோரைப் பனியில் மாளச் செய்ததோ, அதன் நிழலுக்கே மீண்டும் போவதா? அநாதையாயின் அனுப்பியாக வேண்டும். தகப்பன் இருந்தால் அனுப்ப வேண்டியதில்லை. ஆகவே மகாராஜாவும், பாதிரியார் புளூட்டாவும், ஆங்கிலேய அதிகாரி ஒருவரும் சேர்ந்து, அக்குழந்தைகளைச் சட்டப்படி தத்து எடுத்துக்கொண்டார்கள். நான்கு வருஷங்களுக்கு முன் கடற்கரையில் வாயால் சொன்ன ‘தகப்பன்’ என்ற சொல், இப்பொழுது கையெழுத்திட்ட பத்திரமாயிற்று.

1946-இல் பாலாச்சடி முகாம் மூடப்பட்டது. இருந்தவர்கள் வளிவடேக்கும், பிறகு இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, அமெரிக்கா முதலிய தேசங்களுக்கும் பிரிந்தனர். சிலர் போலந்துக்கே திரும்பினர். 1948-இல் நவநகர் சமஸ்தானம் மறைந்து, சௌராஷ்டிர ஐக்கியத்தில் கலந்தது. புதிய ராஜ்யத்தை ஜாம்நகரில் தொடங்கிவைத்தவர் சர்தார் படேல். ஜாம் சாகேப் ராஜப்பிரமுகராகச் சில வருஷங்கள் இருந்து, 1966-இல் காலமானார்.

ஒரு தெருவின் பெயர்

இந்த உதவிக்குக் கைம்மாறாக என்ன வேண்டும் என்று ஜெனரல் சிகோர்ஸ்கி கேட்டாராம். “உங்கள் நாடு விடுதலை பெற்ற பின் வார்ஸாவில் ஒரு தெருவுக்கு என் பெயரை வையுங்கள்” என்றாராம் மகாராஜா. இப்படி ஒரு வரலாறு போலந்தில் வழங்குகிறது. சிகோர்ஸ்கி 1943-இல் விமான விபத்தில் இறந்தார். பின்னர் வந்த ஆட்சியில் அந்தப் பேச்சை எடுப்பாரில்லை. ஆனால் வளர்ந்து பெரியவர்களான குழந்தைகள் மறக்கவில்லை. நினைவுகளை எழுதினார்கள், சங்கமாகக் கூடினார்கள், பாலாச்சடிக்கு யாத்திரை வந்து நினைவுச் சின்னம் நாட்டினார்கள். முகாம் இருந்த இடத்தில் இன்று சைனிக் பள்ளி நடக்கிறது. குழந்தைகளின் குரல் அங்கே ஓயவில்லை.

1989-இல் போலந்தில் ஆட்சி மாறியது. 1999-இல் வார்ஸாவிலுள்ள ஒரு பள்ளி ஜாம் சாகேபின் பெயரைத் தனக்குச் சூட்டிக்கொண்டது. 2012-இல் அந்நகரத்தின் ஒரு சதுக்கத்துக்கு ‘நல்ல மகாராஜா சதுக்கம்’ என்று நாமகரணம் செய்தார்கள். 2024 ஆகஸ்டில் வார்ஸா சென்ற நம் பிரதம மந்திரி, அங்குள்ள நினைவுச் சின்னத்திற்கு மலரஞ்சலி செலுத்தினார்.

நவநகர் மகாராஜாவுக்குப் பட்டங்கள் எத்தனையோ இருந்தன. பிரிட்டிஷார் கொடுத்த விருதுகளை எழுதினால் ஒரு பக்கம் நிறையும். அவற்றுள் ஒன்றையேனும் அந்தச் சதுக்கத்தின் பலகையில் பொறிக்கவில்லை. ‘நல்ல’ என்ற ஒரு சிறு சொல்லைத்தான் பொறித்திருக்கிறார்கள். அந்தப் பட்டத்தை வழங்கும் அதிகாரம் குழந்தைகளுக்கு மாத்திரமே உண்டு.

ராஜாக்களின் காலம் போய்விட்டது, போனது நல்லதே. ஆனால் தாய் தகப்பன் அருகில் இல்லாத குழந்தைகளின் காலம் போய்விடவில்லை. யுத்தத்தால் வீடிழந்து எல்லை கடப்பவர்களை இன்றும் செய்தித்தாளில் தினந்தோறும் காண்கிறோம். அவ்வளவு தூரம் போவானேன்? மலைப் பாதையில் தகரப் பெட்டியைச் சுமந்துகொண்டு இறங்கி வந்து, முதல் நாள் இரவில் விடுதிப் பாயில் விழித்துக்கொண்டு படுத்திருக்கும் பிள்ளையும் இருக்கிறான். அவனுக்கு எதிரே சென்று நிற்பவர் விடுதிக் காப்பாளராயினும் சரி, சமையற்கார அம்மாளாயினும் சரி, கிராமத்து உபாத்தியாயராயினும் சரி, அந்தக் கணத்தில் அவரே அவனுடைய மகாராஜா. அவர் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தையை அந்தப் பிள்ளை அறுபது வருஷம் ஞாபகம் வைத்திருப்பான்.